சிக்னல் எட்டாத லயத்தில் செய்நிரலாக்கம்: ஆவண மென்பொருளைச் சீராக்குதலும் இலக்கு வகுத்தலும்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் கைபேசிச் சிக்னல் லயத்துக்குள் (தொழிலாளர் வசிக்கும் வரிசை வீடுகளுக்குள்) எட்டுவதில்லை. மாரியம்மன் கோயில் மேட்டிலோ, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேலுள்ள வளைவிலோ போய் நின்றால்தான் இரண்டு கோடு தெரியும். மழையும் மூடுபனியும் இறங்கிவிட்டால் அதுவும் நிச்சயமில்லை. இப்படிப்பட்ட இடத்தில் வகுப்பும் ஆசிரியரும் இல்லாமல் கணினிச் செய்நிரலாக்கம் (புரோகிராமிங்) கற்கும் பிள்ளைக்கு, திரையில் வரும் ஒவ்வொரு பிழைச் செய்தியும் ஒருமுறை மேடேறி இறங்கும் வேலையாகிவிடுகிறது. அந்த ஏற்றங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம். கற்கும் கணினி மொழியின் முழு ஆவணத்தையும், அதாவது அதன் விளக்கக் கையேட்டையும், கணினிக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அது திறக்க மறுக்கும்போது காரணத்தைத் தானே தேடிச் சீராக்கப் பழகி, அந்த ஆவணத்தின் துணையால் எட்டக்கூடிய அளவுக்கே இலக்கையும் வகுத்துக்கொள்ள வேண்டும். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இவ்வாறே கற்றவன் என்ற முறையில் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளுக்குப் பைதன் மொழியை எடுத்துக்கொள்கிறேன். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலும் அம்மொழி இடம்பெறுவதால், பாடசாலைப் பிள்ளைகளுக்கும் இது பயன்படும்.

எவற்றை வைத்துக்கொள்வது

முதலாவது, பைதனோடு கூடவே வரும் உதவி. கட்டளையை எழுதியதும் விடை தரும் பைதனின் ஊடாடும் சாளரத்தைத் திறந்து, ‘ஹெல்ப்’ என்ற சார்பை (குறித்த ஒரு வேலையைச் செய்து தரும் பகுதியை) அழைத்து, அடைப்புக்குறிக்குள் நமக்கு வேண்டிய பெயரைக் கொடுத்தால், அதன் விளக்கம் அங்கேயே வரும். இதற்கு இணையம் வேண்டியதில்லை. நிறுவப்பட்டிருக்கும் மொழியிலிருந்தே எடுக்கப்படுவதால் அது ஒருபோதும் பதிப்பு மாறிப் பேசாது. அதன் அருமை பின்னால் விளங்கும்.

இரண்டாவது, பைதன் ஆவணத் தளம் தரும் எச்.டி.எம்.எல். தொகுப்பு, அதாவது இணையப் பக்க வடிவிலான ஆவணம். ஒரே சுருக்கக் கோப்பாக இறக்கி, விரித்து, எந்த உலாவியிலும் படிக்கலாம். பழுதாவதற்கு இதில் அதிகம் எதுவும் இல்லை என்பதால், புதிதாகத் தொடங்குபவர் இதையே முதலில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது, ஆவண வாசிப்பு மென்பொருள்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும் ‘ஸீல்’ ஒரு திறந்த மூல மென்பொருள். மக் கணினிகளுக்கான ‘டேஷ்’ பயன்படுத்தும் அதே ஆவணத் தொகுப்புகளையே இதுவும் பயன்படுத்துகிறது. ‘டெவ்டொக்ஸ்’ உலாவிக்குள்ளேயே இயங்குவது. ஒரு மொழிக்கு மேல் படிக்கத் தொடங்கும்போதும், தேடல் விரைவாக வேண்டும்போதும் இவை கைகொடுக்கும்.

திறக்க மறுக்கும்போது

எந்தப் பழுதானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஆவணம் கணினிக்குள் வந்து சேரவில்லையா, அல்லது வந்து சேர்ந்த பிறகு தெரியவில்லையா? இவ்விரண்டையும் பிரித்தறியாமல் மென்பொருளை அழித்து மீண்டும் நிறுவுவதால், மாதத்துக்கு வாங்கிய டேட்டாதான் கரையும்.

வந்து சேரவில்லை என்றால், திரையின் மூலையில் இருக்கும் திகதியைப் பாருங்கள். பழைய கணினிகளில் தாய்ப்பலகையில் உள்ள வட்டமான சிறு மின்கலம் செத்துப்போயிருக்கும். மின்சாரம் போய் வந்ததும் கணினி பல ஆண்டு பின்னோக்கிய ஒரு திகதியைக் காட்டும். பாதுகாப்பான இணையத் தொடர்பு ஒவ்வொன்றும் தளத்தின் சான்றிதழ் இன்றைய திகதிக்குச் செல்லுமா என்று சரிபார்ப்பதால், திகதி பிழையான கணினியில் தொகுப்புகளின் பட்டியல்கூட வராது. மென்பொருளோ தொடர்பு கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும். திகதியையும் இலங்கை நேர வலயத்தையும் திருத்திவிட்டு மீண்டும் முயன்றால் பெரும்பாலும் சரியாகிவிடும். சீ.ஆர். 2032 என்ற அந்த மின்கலத்தை மாற்றினால் நிரந்தரமாகத் தீரும். மடிகணினிகளில் அது வயரோடு வரும் வகையாகவும் இருக்கக்கூடும் என்பதால், பழையதைக் கழற்றிப் பார்த்துவிட்டே கடைக்குப் போக வேண்டும்.

திகதி சரியாக இருந்தும் வரவில்லை என்றால், கணினியின் பிரொக்ஸி அமைப்பை (இணையக் கோரிக்கைகளை இடையில் நின்று அனுப்பும் கணினியின் முகவரியை) பார்க்க வேண்டும். கொழும்பில் ஏதோ ஒரு அலுவலகத்தில் பாவித்து விற்கப்பட்ட மடிகணினிகள் இங்கே நிறைய வருகின்றன. அந்த அலுவலகத்தின் பிரொக்ஸி முகவரி அழியாமல் அப்படியே இருந்தால், தரவிறக்கக் கோரிக்கைகள் இல்லாத ஒரு கணினியைத் தேடிப்போய்த் திரும்பிவிடும். தொடர்பு இடையில் அறுந்துவிட்டால் ஒரு தொகுப்பை முதலிலிருந்தே மீண்டும் இறக்க நேரும் என்பதால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இறக்குங்கள். இரவு டேட்டா உள்ளவர்கள் அதற்கென்றே ஒதுக்கப்பட்ட நேரத்தில் கைபேசியைச் சிக்னல் உள்ள சன்னலோரம் வைத்து இறக்கலாம். இறக்கிய ஒருவரிடமிருந்து பென் டிரைவில் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

பென் டிரைவில் வாங்கும்போது வேறு சில சிக்கல்கள் வரும். ஸீலின் ஆவணத் தொகுப்பு என்பது ஒரு கோப்புறை. அதற்குள் ஆயிரக்கணக்கான சிறு பக்கங்களும், அவற்றைத் தேடுவதற்கான சொல்லடைவுத் தரவுத்தளம் ஒன்றும் தனித்தனியாக இருக்கும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் பென் டிரைவுக்கு நகலெடுப்பது மிக மெதுவானது. பொறுமையிழந்து இடையில் பிடுங்கினால் பாதிதான் வந்திருக்கும். ஆகவே அந்தக் கோப்புறையை ஒரே சுருக்கக் கோப்பாக்கி நகலெடுத்து, மறுகணினியில் விரியுங்கள். விரிக்கும்போது கோப்புறைக்குள் அதே பெயரில் இன்னொரு கோப்புறை உருவாகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அப்படி இரட்டிப்பாகியிருந்தால் ஸீலின் கண்ணுக்கு அது படாது. உள்ளே இருப்பதை வெளியே எடுத்து, மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் குறிக்கப்பட்டிருக்கும் சேமிப்பிடத்தில் வைத்து, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். அதற்குப் பிறகும் குறை இருந்தால், குறையின் தோற்றமே காரணத்தைக் காட்டித் தரும். தேடும்போது பெயர்கள் வந்து, அழுத்தினால் பக்கம் வெறுமையாக இருந்தால், சொல்லடைவு நலமாக இருக்கிறது, பக்கங்கள் வரவில்லை. தொகுப்பின் பெயர் தெரிந்தும் எந்தச் சொல்லுக்கும் விடை வராவிட்டால், சொல்லடைவுதான் பழுது.

எச்.டி.எம்.எல். தொகுப்பில் எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் தவறு, சுருக்கக் கோப்பை விரிக்காமல் அதற்குள்ளேயே பக்கத்தைத் திறப்பது. விண்டோஸ் சுருக்கக் கோப்பையும் கோப்புறை போலக் காட்டுவதால் இந்த மயக்கம் வருகிறது. முதற்பக்கம் நிறமும் அமைப்பும் இழந்து திறக்கும்; எந்த இணைப்பை அழுத்தினாலும் போகாது. முழுவதையும் ஒரு கோப்புறைக்கு விரித்துவிட்டால் தீர்ந்தது.

டெவ்டொக்ஸில் ஏமாற்றம் வேறுவிதமாக வரும். ஒரு மொழியைத் தெரிவுசெய்வதால் மட்டும் அது கணினிக்குள் இறங்கிவிடாது. ஓஃப்லைன் பக்கத்துக்குப் போய் அந்த மொழிக்கு எதிரே உள்ள நிறுவும் பொத்தானை அழுத்த வேண்டும். கோயில் மேட்டில் வைத்து நான்கு பக்கங்களைத் திறந்து பார்த்து எல்லாம் சரி என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் ஐந்தாவது பக்கம் இல்லை என்பது தெரியும். அதனால் மேட்டிலிருந்து இறங்குமுன் கைபேசித் தரவை அணைத்துவிட்டு, இதுவரை திறந்திராத ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் நிறுவினால் அதை மூடியவுடன் எல்லாம் போய்விடும். உலாவித் தரவை அழிப்பதும், வட்டு நிறைந்து உலாவியே இடம் விடுவிப்பதும் அதே விளைவைத் தரும். சஃபாரி உலாவியில், 7 நாள் பாவனையின்போது அந்தத் தளத்தின் பக்கம் போகாவிட்டால் அதன் சேமிப்பு நீக்கப்படலாம்.

சி.எச்.எம். என்ற பழைய உதவிக் கோப்பு வடிவத்தில் இன்னும் சில கையேடுகள் கைமாறுகின்றன. இடப்பக்கத்தில் தலைப்புகள் தெரிந்து வலப்பக்கம் வெறுமையாக இருந்தால், இணையத்திலிருந்து வந்த கோப்பென்று விண்டோஸ் அதைத் தடுத்திருக்கிறது. கோப்பின் பண்புகள் சாளரத்தில் தடையை நீக்கும் தெரிவைக் குறியிட்டால் திறக்கும். கோப்பு வைக்கப்பட்டிருக்கும் கோப்புறையின் பெயரில் # குறி இருந்தாலும் பக்கங்கள் வராது. சி ஷார்ப் (C#) மொழி படிப்பவர்கள் கோப்புறைக்கு அம்மொழியின் பெயரையே வைத்துவிட்டுத் தவிப்பது இதனால்தான். விக்கிப்பீடியா போன்றவற்றை இணையமின்றிப் படிக்க உதவும் ‘கிவிக்ஸ்’ மென்பொருளுக்கான பெரிய தொகுப்புகள் பென் டிரைவுக்குள் போக மறுத்தால், டிரைவில் இடம் இருந்தும் மறுக்கிறதா என்று பாருங்கள். டிரைவுகளில் கோப்புகளைச் சேமிக்கும் முறைகளில் ஒன்றான ஃபாட் 32 வடிவமைப்பில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிகாபைட்டை எட்ட முடியாது. எக்ஸ்ஃபாட்டுக்கு மாற்றினால் போகும். மாற்றும்போது டிரைவில் உள்ள அனைத்தும் அழியும் என்பதால், முன்கூட்டியே நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பதிப்பு மாறிய ஆவணம்

மேலே சொன்னவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் பழுதுகள். ஆவணம் அழகாகத் திறந்து, தேடல் வேலை செய்து, அதில் எழுதியிருப்பது மட்டும் நம் கணினிக்குப் பொருந்தாமல் இருப்பது அவற்றைவிடக் கொடியது. கற்பவர் பழுதை ஆவணத்தில் தேடாமல் தன் அறிவில் தேடுவார்.

என் முதற்கணினியில் விண்டோஸ் 7 இருந்தது. அதில் நிறுவக்கூடிய கடைசிப் பைதன் பதிப்பு 3.8. நான் வைத்திருந்த ஆவணமோ அதற்குப் பிந்திய பதிப்புக்குரியது. ஒரு சொல்லின் முன்னொட்டை நீக்கும் ‘ரிமூவ்பிரிஃபிக்ஸ்’ என்ற செயலை ஆவணத்தில் பார்த்து அப்படியே எழுதினேன். அப்படி ஒரு பண்பே இல்லை என்று கணினி சொன்னது. எழுத்துக்கூட்டைத் திருத்தித் திருத்தி மூன்று இரவுகள் போயின. நான்காம் நாள் ஞாயிறு காலையில், அதே பக்கத்தில் அந்த விளக்கத்தின் அடியில், 3.9 பதிப்பில் சேர்க்கப்பட்டது என்ற ஒற்றை வரி இருப்பதைக் கண்டேன். அந்த வரி முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. எனக்கு மூளை போதாது என்று அந்த மூன்று இரவும் நான் நம்பியதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. தனியாகக் கற்கும் பிள்ளைகள் பாதியில் விட்டுவிடுவது இப்படிப்பட்ட இரவுகளில்தான்.

ஆகவே இதை ஒரு முறையாகவே கடைப்பிடியுங்கள். பைதனைத் திறந்ததும் முதல் வரியில் வரும் பதிப்பு எண்ணைத் தாளில் எழுதி, திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஆவணத் தளத்தின் மேற்பகுதியில் உள்ள பட்டியலில் அதே எண்ணைத் தெரிவுசெய்த பின்பே இறக்குங்கள். டெவ்டொக்ஸிலும் பதிப்புகள் தனித்தனியாகக் கிடைக்கும். ஸீலின் பட்டியலோ பொதுவாகப் புதிய பதிப்பையே தருகிறது. ‘மேட்ச்’ என்ற கட்டளை 3.10 பதிப்பில்தான் வந்தது. மேற்கோளுக்கு முன் ‘எஃப்’ எழுத்து இட்டு எழுதும் எழுத்துச் சரங்கள் 3.6 பதிப்பில் வந்தன. எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் சிக்கலும் உண்டு. பழைய நூல்களும் வகுப்புக் குறிப்புகளும் ‘பிரிண்ட்’ என்பதை அடைப்புக்குறியின்றி எழுதியிருந்தால், அவை 2020 ஜனவரி 1 உடன் ஆதரவு நிறுத்தப்பட்ட பைதன் 2க்கு உரியவை. சந்தேகம் வந்தால் ‘ஹெல்ப்’ சார்பிடம் கேளுங்கள். பெயரை மேற்கோளுக்குள், அது சார்ந்த வகை அல்லது தொகுதியின் பெயரோடு முழுமையாகக் கொடுத்தும் அதற்குத் தெரியாவிட்டால், அது உங்கள் பதிப்பில் இல்லாத பெயராக இருக்கலாம்.

ஆவணத்தின் மொழி

தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைகளுக்கு ஆங்கில ஆவணம் மலையாகத் தெரியும். அதை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டியதில்லை. முதலில் எடுத்துக்காட்டை எடுத்து, தட்டச்சிட்டு, இயக்கிப் பாருங்கள். பிறகு எண்களையோ சொற்களையோ மாற்றி மீண்டும் இயக்குங்கள். அதன் பின்பு விளக்கத்தைப் படித்தால் பாதி ஏற்கெனவே புரிந்திருக்கும். எடுத்துக்காட்டுகளின் தொடக்கத்தில் வரும் >>> என்ற குறி ஊடாடும் சாளரம் தானே காட்டுவது. அதையும் சேர்த்து எழுதினால் பிழை வரும். சார்பின் பெயருக்கு எதிரே சதுர அடைப்புக்குள் தரப்பட்டிருப்பவை, விரும்பினால் கொடுக்கலாம் என்ற பொருளுடையவை. சதுர அடைப்பைத் தட்டச்சிட வேண்டியதில்லை. இவ்விரண்டையும் யாரும் சொல்லித் தராததால் திணறிய பலரைக் கண்டிருக்கிறேன். அடிக்கடி வரும் சொற்கள் குறைவானவையே. ஆர்கியுமென்ட், ரிட்டர்ன், ரெய்ஸ், இட்டரபிள் போன்ற நாற்பது சொற்களுக்குத் தன் சொந்தத் தமிழில் பொருள் எழுதிவைத்த ஒருவர், நூலக ஆவணத்தின் பெரும்பகுதியை அகராதியின்றிப் படித்துவிடுவார்.

இலக்கு வகுத்தல்

‘பைதன் படிக்க வேண்டும்’ என்பது இலக்காகாது. எந்த நாளில் அது முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னாருக்கு, இன்ன வேலையை, இன்ன அளவுக்குச் செய்து தரும் ஒரு செய்நிரல் என்று வகுத்தால், அது இயங்குகிறதா இல்லையா என்பதே விடையாகிவிடும். வீட்டுக்குள்ளேயே அதற்கு ஏற்ற வேலை இருக்கிறது. தாயார் நாள்தோறும் எடுக்கும் கொழுந்தின் நிறை, அதில் கழிவென்று குறைக்கப்படும் கிலோ, முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா) என்பது, மாத முடிவில் கைக்கு வரும் சம்பளச் சீட்டு ஆகிய எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல கணக்குப் பதிவேடாகும்.

இதை மூன்று இலக்குகளாகப் பிரிக்கிறேன். முதலாவது, ஒரு கிழமையின் நிறைகளைத் தட்டச்சிட, கூட்டுத்தொகையும் சராசரியும் காட்டும் செய்நிரல். இதற்கு உள்ளீடு, எண்ணாக மாற்றுதல், பட்டியல், மடக்குக் கட்டளை (லூப்) ஆகியவற்றுக்கான ஆவணப் பக்கங்கள் போதும். ஒரு மாலைக்கு ஒரு மணி நேரம் என்றால் எட்டு மாலைகள் எடுக்கலாம். மாதக்கணக்கில் திட்டமிடாமல் மாலைக்கணக்கில் திட்டமிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மின்வெட்டு, தண்ணீர் எடுக்கும் முறை, தம்பி தங்கையின் பாடம், கோயில் திருவிழா ஆகியவற்றைக் கழித்த பிறகு ஒரு மாதத்தில் உண்மையாகக் கிடைக்கும் மாலைகள் பன்னிரண்டோ பதினைந்தோதான். அவற்றை எண்ணிப் பார்த்தே நாள் குறிக்க வேண்டும்.

இரண்டாவது இலக்கு, அந்த விவரங்களைக் கோப்பில் சேமித்து, மறுநாள் திறந்து தொடர்தல். இங்கே தமிழ்ப் பெயர்கள் ஒரு சோதனை வைக்கும். ஆங்கில விண்டோஸில் 3.8 போன்ற பதிப்புகள், சொல்லாவிட்டால் கோப்பை யூனிகோட் எழுத்துகளுக்கான யூ.டி.எஃப். 8 குறிமுறை என்று கருதாமல் வேறொரு பழைய குறிமுறையில் வாசிக்கின்றன. அக்குறிமுறையில் நம் மெய்யெழுத்தின் புள்ளிக்குரிய பைட் ஒன்றுக்குப் பொருளே இல்லை. ஆகவே ‘லீலா’ என்ற பெயர் குப்பை எழுத்துகளாகவேனும் வந்துவிட, ‘முத்தம்மாள்’ என்ற பெயரில் செய்நிரல் பிழையோடு நின்றுவிடும். கோப்பைத் திறக்கும் சார்பின் ஆவணப் பக்கத்தில் ‘என்கோடிங்’ என்ற பகுதியைப் படித்து, வாசிக்கும்போதும் எழுதும்போதும் யூ.டி.எஃப். 8 என்று குறித்தால் தீரும். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய பட்டியல்களை இதற்குப் பயன்படுத்த முடியாது. அவற்றுக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள் என்பதால் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

மூன்றாவது, சம்பளச் சீட்டோடு ஒப்பிடுதல். நாட்சம்பளமும் மேலதிகக் கிலோவுக்கான விலையும் மாறக்கூடியவை என்பதால், அவற்றைச் செய்நிரலின் தொடக்கத்தில் தனி மாறிகளாக வையுங்கள். ரூபாயும் சதமும் வரும் கணக்குக்குச் சாதாரணத் தசம எண்கள் ஒவ்வா. பைதனில் 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும், பைதன் பயிற்சிக் கையேட்டின் 15ஆம் அதிகாரம் இதன் காரணத்தை விளக்குகிறது. ‘டெசிமல்’ தொகுதி இதற்கென்றே இருக்கிறது.

ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஐயத்தை ஆவணத்தில் அரை மணி நேரம் தேடியும் விடை காணாவிட்டால், பிழைச் செய்தியின் கடைசி வரியையும், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்பதையும் கொப்பியில் எழுதிவிட்டு வேறு பகுதிக்குப் போங்கள். சிக்னல் உள்ள மேட்டுக்குப் போகும் நாளில் எல்லாவற்றையும் சேர்த்துத் தேடலாம். எழுதும்போதே விடை தெரிந்துவிடுவதும் அடிக்கடி நடக்கும். இலக்கின் அளவு சரியா என்பதையும் இக்கொப்பியே காட்டும். ஒரு மாலைக்கு ஓரிரண்டு ஐயங்கள் மிஞ்சினால் அளவு சரி. ஐந்தாறு மிஞ்சினால் இலக்கு பெரிது, அதை இரண்டாக வெட்ட வேண்டும். பல மாலைகள் ஒன்றும் மிஞ்சாவிட்டால் அடுத்த இலக்குக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. குறித்த நாள் தவறினால், நாளைத் தள்ளிப்போடுமுன் கொப்பியைத் திறந்து, தவறியது மாலைகள் கிடைக்காததாலா, ஐயம் தீராததாலா, ஆவணம் திறக்காததாலா என்று பார்த்து, காரணத்தை அந்தத் திகதிக்கு எதிரே எழுதுங்கள். புதிய நாளை அந்தக் காரணத்தைக் கணக்கிலெடுத்தே குறியுங்கள். முதல் மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் தாயாரைப் பக்கத்தில் இருத்தி, செய்நிரல் காட்டும் தொகையையும் சீட்டில் உள்ள தொகையையும் வரி வரியாக ஒப்பிட்டு, வேறுபடும் வரிகளைக் கொப்பியின் புதிய பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான்காவது இலக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கும்.